நகராத படங்களில் நகர்வது எது?

படச்சுருள் ஓடிய காலத்தில், இரண்டரை மணி நேரப் படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் அதில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் வெறும் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரொஜெக்டர் ஒரு ஃபிரேமைக் கீழே இழுத்துவிட்டு அடுத்ததை அதன் இடத்தில் நிறுத்தும்வரை, சுழலும் ஷட்டர் தகடு விளக்கை மறைத்துவிடும். மறைக்காவிட்டால் திரையில் செங்குத்தான கீற்றுகள் மட்டுமே தெரியும். நிறுத்திய ஃபிரேமையும் அது ஒரே வீச்சில் காட்டுவதில்லை; நடுவில் ஒருமுறை மறைத்து, இரண்டு தடவையாகக் காட்டும். ஆக, நொடிக்கு 24 படங்கள், 48 வெளிச்சம், 48 இருட்டு.

அந்த இருட்டை அரங்கில் யாரும் கவனித்ததில்லை. நாயகன் ஓடியதையும் மழை பெய்ததையும் ரயில் வந்ததையும் பார்த்தார்கள். அதே சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் ஓடாது. வரிசையாகப் புகைப்படங்கள் இருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் திரையில் கண்ட அசைவு எங்கே இருந்தது? சுருளிலா, இயந்திரத்திலா, பார்த்தவர் தலைக்குள்ளா? சினிமா பிறந்த நாளிலிருந்து உளவியலாளரும் தத்துவவாதியும் பொறியாளரும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். படச்சுருள், தொலைக்காட்சி, கைப்பேசி மூன்றும் இதற்கு மூன்று வேறு பதில்களைத் தருகின்றன.

பாடப்புத்தகத்தின் பதில்

நம்மில் பலர் பள்ளியில் படித்த விளக்கம் இது: கண்ணில் விழுந்த பிம்பம் 1/16 நொடி விழித்திரையில் தங்கும், அது மறைவதற்குள் அடுத்த பிம்பம் வந்துவிடுவதால் படம் அசைவதாகத் தோன்றுகிறது. இதற்குப் பார்வை நீட்டிப்பு என்று பெயர். எளிமையான விளக்கம்தான். ஆனால் அசைவைப் பொறுத்தவரை தவறானது.

இந்தக் கருத்துக்கு மூலவராகப் பீட்டர் மார்க் ரோஜெட்டைச் சொல்வது வழக்கம். ஆங்கில ஒத்தசொல் அகராதிக்காகப் புகழ்பெற்ற அதே மருத்துவர்தான். 1824இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் ஒரு கட்டுரை படித்தார். செங்குத்துக் கம்பிவேலியின் இடுக்குகள் வழியே உருண்டோடும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால், அதன் ஆரக்கால்கள் வளைந்து, அசையாமல் நிற்பதுபோலத் தெரிவது ஏன் என்பதே அவருடைய ஆய்வு. நகர்வது நிற்பதாகத் தோன்றும் விந்தையை விளக்கியவரை, நிற்பது நகர்வதாகத் தோன்றும் கலைக்குத் தந்தையாக்கிவிட்டது பிற்கால வரலாறு.

விழித்திரையில் ஒளியின் தடம் சற்று நேரம் தங்குவது உண்மை. இருட்டில் தீக்கொள்ளியைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிவது அதனால்தான். ஆனால் அந்த வளையத்தைக் கவனியுங்கள்: அங்கே அசைவு அழிந்து ஒரு கோடு பிறந்திருக்கிறது. பிம்பங்கள் விழித்திரையில் தங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கிடைப்பது குழப்பம்தான். 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியன்-ஜூல் மரே நொடிக்கு 12 படம் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். பின்னர் ஒரே தகட்டில் பல கணங்களை அடுத்தடுத்துப் பதிய வைத்த அவருடைய படங்களில், நடக்கும் மனிதன் விசிறியாய் விரிந்த கைகால்களாகத் தெரிகிறான். விழித்திரை பிம்பங்களைச் சேர்த்துவைத்தால் சினிமாவும் அப்படித்தான் தெரிய வேண்டும்.

உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நடுவே வரும் இருட்டு ஏன் தெரிவதில்லை என்பது ஒன்று. நிற்கும் படங்கள் ஏன் அசைகின்றன என்பது இன்னொன்று. முதலாவது ஒளிச் சிமிட்டல் பற்றியது. விளக்கு விட்டுவிட்டு எரியும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் கண் அதைத் தொடர் வெளிச்சமாக ஏற்றுக்கொள்கிறது. வெளிச்சம் கூடக்கூட அந்த எல்லையும் உயரும். திரையரங்கின் மங்கலான வெளிச்சத்துக்கு நொடிக்கு 48 சிமிட்டல் போதும். அதனால்தான் நொடிக்கு 16 ஃபிரேம் அளவில் ஓடிய மௌனப் படங்களுக்கு மூன்று இதழ் ஷட்டரும், 24 ஃபிரேம் பேசும் படங்களுக்கு இரண்டு இதழ் ஷட்டரும் பொருத்தினார்கள். இரண்டிலும் கணக்கு 48தான்.

இரண்டாவது கேள்விக்கு விழித்திரையின் தாமதத்தில் பதில் இல்லை. திரைப்பட ஆய்வாளர்களான ஜோசப் ஆண்டர்சனும் பார்பரா ஆண்டர்சனும் 1978இலும் மீண்டும் 1993இலும் கட்டுரை எழுதி, பார்வை நீட்டிப்பு விளக்கத்தைக் கட்டுக்கதை என்றே அறிவித்தார்கள். இருந்தும் அது பாடங்களிலிருந்து போகவில்லை.

இரண்டு கோடுகள், ஒரு தாவல்

சரியான திசையில் முதல் அடி 1875இல் விழுந்தது. வியன்னா உடலியலாளர் சிக்மண்ட் எக்ஸ்னர் அருகருகே இரண்டு மின்பொறிகளை அடுத்தடுத்துத் தெறிக்கச் செய்தார். தள்ளித் தள்ளி வைத்தால் எது முதலில் தெறித்தது என்று சொல்ல முடியாத அளவு குறுகிய இடைவெளியில்கூட, அருகருகே வைத்தபோது பொறி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்ததாகத் தெரிந்தது. ‘முதலில் இங்கே, பிறகு அங்கே, ஆகவே நகர்ந்திருக்க வேண்டும்’ என்று நாம் யோசித்து முடிவுக்கு வருவதில்லை. நிறத்தைக் காண்பதுபோல அசைவையும் நேரடியாகவே காண்கிறோம்.

1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடத்திய சோதனைகளை வெளியிட்டார். இரண்டு ஒளிக்கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி 200 மில்லி நொடி அளவில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிந்தன. 30 மில்லி நொடியாகக் குறைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தன. நடுவே, 60 மில்லி நொடியை ஒட்டி, ஒரே கோடு அங்கிருந்து இங்கே நகர்ந்தது. வேறொரு நுட்பமான நிலையையும் அவர் பதிவுசெய்தார்: கோடு நகர்வதாகத் தெரியவில்லை, ஆனால் ஏதோ நகர்ந்தது மட்டும் தெரிந்தது. பொருளே இல்லாத அந்த வெறும் அசைவுக்கு ஃபை என்று பெயரிட்டார். முழுமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகை அல்ல என்று சொல்லும் கெஸ்டால்ட் உளவியல் பள்ளி இந்தச் சோதனையிலிருந்துதான் தொடங்கியது. அந்த இரண்டு கோடுகளில் எந்த ஒன்றிலும் அசைவு இல்லை. இரண்டுக்கும் இடையிலான உறவில்தான் இருந்தது.

மூளைக்குள் ஓர் அசைவு மானி

அந்த உறவை மூளை எப்படிக் கணக்கிடுகிறது? 1956இல் ஜெர்மானியர்களான பெர்ன்ஹார்ட் ஹாசென்ஸ்டைனும் வெர்னர் ரைஹார்ட்டும் ஒரு வண்டின் பார்வையை ஆராய்ந்து ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அருகருகே இரண்டு ஒளியுணரிகள். முதலாவதிலிருந்து வரும் சமிக்ஞை சற்றுத் தாமதிக்கப்படுகிறது. அது இரண்டாவதன் சமிக்ஞையோடு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், வெளிச்சம் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். 1960களில் முயலின் விழித்திரையில், ஒரு குறிப்பிட்ட திசையில் அசைவு நடந்தால் மட்டும் துடிக்கும் நியூரான்களைக் கண்டறிந்தார்கள்.

சினிமாவின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. இந்த அசைவு மானி கேட்பது இரண்டே கேள்விகள்: எங்கே, எப்போது. இரண்டு இடங்களுக்கும் நடுவில் அந்தப் பொருள் உண்மையில் பயணம் செய்ததா என்று அது சோதிப்பதில்லை. ஆகவே ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றம் சிறிதாக இருக்கும்வரை, திரையில் ஓடுகிற குதிரைக்கும் சாலையில் ஓடுகிற குதிரைக்கும் ஒரே நியூரான்கள் ஒரே விதமாகத் துடிக்கின்றன. உளவியலாளர் ஆலிவர் பிராடிக் 1974இல் செய்த புள்ளிச் சோதனைகள், சிறிய தாவலும் குறுகிய இடைவெளியும் இருக்கும்போதுதான் இத்தகைய உடனடி அசைவு தெரிகிறது என்று காட்டின.

இதன் எல்லையை ஒளிப்பதிவாளர்கள் அனுபவத்தில் அறிவார்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய 7 நொடி எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. அதைவிட வேகமாகத் திருப்பினால் ஃபிரேமுக்கு ஃபிரேம் தாவல் பெரிதாகி, படம் துடிக்கும். கார்ச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதே கணக்கின் விளைவுதான். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆரக்கால் முன்னோக்கிப் பெருந்தொலைவு போயிருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் வந்த ஆரக்கால் பழைய இடத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். மூளை அருகில் இருப்பதையே ஜோடி சேர்க்கிறது. சக்கரம் பின்னால் போகிறது.

அசைவு என்பது மூளையின் தனி வேலை என்பதற்கு வலுவான சான்று 1983இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு. ஜெர்மனியில் மூளையின் பின்பகுதியில் இருபுறமும் பாதிப்பு ஏற்பட்ட ஒரு பெண்ணுக்கு நிறமும் உருவமும் தெரிந்தன, அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நின்றது. மட்டம் உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. சாலையில் தொலைவில் நின்ற கார் திடீரென்று பக்கத்தில் இருந்தது. உலகமே அவருக்கு ஓடாத படச்சுருளாகிவிட்டது. நரம்பியலாளர் செமிர் ஸெக்கி போன்றோர் 1970களில் குரங்கு மூளையில் கண்டறிந்த, அசைவுக்கென்றே உள்ள பகுதி மனிதரிடமும் இருப்பதை இந்த நோய் உணர்த்தியது.

மாயையா, மெய்யா?

அறிவியல் இப்படிப் போய்க்கொண்டிருக்க, தத்துவவாதிகள் வேறொரு வழக்கை நடத்தினார்கள். 1907இல் ஆன்ரி பெர்க்சன், சினிமாக் கருவியை மனித அறிவின் குறைபாட்டுக்கு உதாரணமாக்கினார். ஓடும் காலத்திலிருந்து அசையாத துண்டுகளை வெட்டி எடுக்கிறோம். பிறகு அவற்றின்மேல் இயந்திரத்தின் பொதுவான ஓட்டத்தை ஏற்றுகிறோம். உண்மையான மாற்றம் இரண்டு துண்டுகளுக்கு நடுவே நழுவிவிடுகிறது என்பது அவர் வாதம்.

ஹார்வர்டு உளவியலாளர் ஹூகோ முன்ஸ்டர்பெர்க் 1916இல் திரைப்படத்தைப் பற்றி எழுதிய முன்னோடி நூலில் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். அசைவைப் பார்வையாளரின் மனமே சேர்க்கிறது. அதுவே சினிமாவின் பெருமை என்றார். அண்மைக் காட்சி நம் கவனத்தைப் போன்றது, முன்கதைக் காட்சி நம் நினைவைப் போன்றது, திரையின் அசைவும் மனத்தின் படைப்பே என்று அவர் வாதிட்டார்.

ஜில் தெலூஸ் 1983இல், பெர்க்சன் சுட்டிக்காட்டிய குறை கருவிக்குப் பொருந்தலாம், திரைக்குப் பொருந்தாது என்று திருத்தினார். யாரும் 24 படங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு அசைவைச் சேர்த்துக்கொள்வதில்லை. நமக்குக் கிடைப்பதே அசையும் பிம்பம்தான். 1995இல் கிரெகரி கரீ இன்னும் ஒரு படி போனார். நிறம் பொருளில் மட்டும் இருப்பதல்ல, பார்ப்பவரோடு சேர்ந்தே இருப்பது. ஆனாலும் தக்காளியின் சிவப்பை யாரும் மாயை என்பதில்லை. திரையின் அசைவும் அப்படிப்பட்ட மெய்தான் என்றார் அவர். உண்மையான அசைவுக்கும் திரை அசைவுக்கும் ஒரே நியூரான்கள் துடிக்கின்றன என்றால், கரீயின் பக்கமே வலுவாகத் தெரிகிறது. முழு மாயை என்று சொல்ல வேண்டுமானால், நம் பார்வை முழுவதையும் மாயை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முழுப் படமே இல்லாத திரை

இந்த விவாதங்கள் எல்லாம் ஃபிரேம் என்ற ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடந்தவை. பழைய பெட்டித் தொலைக்காட்சி அந்த நம்பிக்கையையே கலைத்தது. அதன் கண்ணாடிக் குழாயில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடி, படும் இடத்தை மட்டும் ஒளிரச் செய்யும். கற்றை கீழே வருவதற்குள் மேலே உள்ள வரிகள் மங்கிவிடும். அதிவேகக் கேமராவில் பிடித்தால் திரையில் தெரிவது ஒரு மெல்லிய ஒளிப்பட்டை மட்டுமே. எந்த ஒரு கணத்திலும் முழுப் படம் திரையில் இருந்ததே இல்லை.

இந்தியா ஏற்ற முறையில் 625 வரிகள், நொடிக்கு 25 ஃபிரேம். அதிலும் ஒற்றைப்படை வரிகள் முதலில், இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி கழித்து. நேரலையில் இந்த இரண்டு பாதிகளும் இரண்டு வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை. ஆகவே கிரிக்கெட் ஒளிபரப்பு நொடிக்கு 50 கணங்களைக் காட்டியது, சினிமா 24ஐ மட்டும். தொலைக்காட்சியில் ஆட்டம் வழுவழுப்பாகவும் அதே பெட்டியில் திரைப்படம் சற்றுக் கனவு போலவும் தெரிந்ததற்கு முக்கியக் காரணம் இந்த வித்தியாசம். இந்த முறையைக் கடைப்பிடித்த நாடுகளில் 24 ஃபிரேம் படத்தை 25ஆக ஓட்டுவதும் உண்டு. அப்போது 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அசைவையே எழுதிவைக்கும் கோப்பு

டிஜிட்டல் காலத்தில் நடந்ததுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை, புள்ளிக்கு 3 பைட் வீதம், நொடிக்கு 24 முறை அப்படியே சேமித்தால் நொடிக்கு ஏறக்குறைய 149 மெகாபைட் ஆகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1.3 டெராபைட்டைத் தாண்டும். அதே படம் கைப்பேசிக்குச் சில ஜிகாபைட்டில் வந்து சேர்கிறது. எப்படி?

பத்திரிகையில் சதுரங்க ஆட்டத்தை வெளியிடும்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முழுப் பலகையை வரைவதில்லை; குதிரை எங்கிருந்து எங்கே போனது என்று மட்டும் குறிப்பார்கள். 1993இல் வந்து நம் ஊரில் விசிடியாகப் பரவிய எம்பெக்-1 முதல் 2003இன் எச்.264 வரை பரவலான காணொளிச் சுருக்க முறைகள் எல்லாமே இந்த வழியில்தான் இயங்குகின்றன. அவ்வப்போது ஒரு முழு ஃபிரேம் வரும். அதற்கு அடுத்தவை பெரும்பாலும் குறிப்புகள்: 16க்கு 16 புள்ளிகள் கொண்ட இந்தக் கட்டம் வலப்புறம் இவ்வளவு, மேலே இவ்வளவு நகர்ந்தது, மிச்ச வித்தியாசம் இவ்வளவு. பெர்க்சன் குறை சொன்ன கருவியில் படங்கள் இருந்தன, அசைவு இல்லை. இப்போதைய கோப்பில் பெரும்பாலான ஃபிரேம்கள் இத்தகைய குறிப்புகளே. முழுப் படங்கள் அரிதானவை.

கீறல் விழுந்த விசிடியில் நடிகரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, பழைய காட்சியின் மீது புதிய காட்சி இழுபட்டது நினைவிருக்கும். முழு ஃபிரேம் தொலைந்து, நகர்த்தல் குறிப்புகள் மட்டும் மிஞ்சியதால் வந்த விபத்து அது. காணொளிக் கலைஞர் தகேஷி முராட்டா 2005இல் ‘மான்ஸ்டர் மூவி’ என்ற காணொளியில் இந்தப் பிழையையே வேண்டுமென்று உண்டாக்கிக் கலையாக்கினார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. படத்தை இப்படிச் சுருக்கும் குறியாக்கி எழுதும் நகர்த்தல் எப்போதும் உண்மையான நகர்த்தலாக இருப்பதில்லை. எந்தக் கட்டத்தை எங்கிருந்து எடுத்தால் செலவு குறையும் என்பதே அதன் கவலை. வெள்ளைச் சுவரின் ஒரு துண்டை எங்கிருந்து எடுத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிஜிட்டல் திரையரங்குகளுக்கான டிசிஐ விதிமுறை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே ஜேபெக் 2000 முறையில் சுருக்குகிறது, நொடிக்கு 250 மெகாபிட் வரை. ஆகவே ஒரே படம் அரங்கில் இன்றும் அசையாப் படங்களின் வரிசை. ஓடிடியில் நகர்த்தல்களின் பட்டியல்.

நடுவில் நிரப்புவது யார்?

இப்போதைய தட்டைத் திரைகள் ஒரு ஃபிரேமைக் காட்டினால் அடுத்தது வரும்வரை அணைக்காமல் பிடித்து வைத்திருக்கும். நம் கண் நகரும் பந்தைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க, படமோ ஒரே இடத்தில் நிற்கிறது. விளைவு, விழித்திரையில் பந்து இழுபட்டு மங்குகிறது. பழைய புரொஜெக்டரின் இருட்டு அத்தனை வீணானதல்ல என்று பொறியாளர்கள் தாமதமாகக் கண்டுகொண்டார்கள். ஃபிரேம்களுக்கு நடுவே வேண்டுமென்றே கறுப்பைச் செருகும் தொலைக்காட்சிகளும் வந்தன.

இன்னொரு தீர்வு, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கணித்து நுழைப்பது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று இதற்குப் பெயர்கள். விளையாட்டுக்கு இது நல்லது. திரைப்படத்தையோ இது மெகா சீரியல் போல ஆக்கிவிடுகிறது. 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு காணொளி வெளியிட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். இயக்குநரே நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்த ‘தி ஹாபிட்’ 2012இல் வந்தபோதும், அதன் தெளிவு படத்தை நாடக மேடை போலாக்கிவிட்டது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஃபிரேம் கூடினால் அனுபவம் தானாகக் கூடிவிடாது என்பதற்கு அது ஒரு பாடம்.

எழுத்துக் குறிப்பிலிருந்து காணொளி செய்யும் செயற்கை நுண்ணறிவு இதன் அடுத்த கட்டம். அங்கே எந்த ஃபிரேமும் எந்தக் கணத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. இடமும் காலமும் சேர்ந்த துண்டுகளாகவே காட்சி உருவாக்கப்படுகிறது. கண்ணாடிக் குவளை உடையும் முன்பே தண்ணீர் சிந்தினாலும், நம் அசைவு மானி மறுப்புச் சொல்லாது. அதற்குத் தெரிந்தது எங்கே, எப்போது மட்டும்தான். ஏன் என்று கேட்பது நம் மற்ற அறிவின் பொறுப்பு.

ஆகவே, திரையின் அசைவு விழித்திரையின் சோம்பலால் வருவதல்ல. கருவி தரும் சில சான்றுகளைக் கொண்டு மூளை கட்டி எழுப்புவது அது. படச்சுருள் காலத்தில் அந்த நடு இடத்தை நிரப்பும் வேலை முழுக்க நம்முடையதாக இருந்தது. இப்போது அதில் ஒரு பங்கை மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. பள்ளிப் பாடத்தில் 1/16 நொடி விளக்கத்தை ஒளிச் சிமிட்டலோடு நிறுத்திவிட்டு, அசைவுக்கு மூளையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பட அமைப்புகளுக்குள் போய் இந்த வழுவழுப்பு வசதியைத் தேடுங்கள். கிரிக்கெட்டுக்கு அது இருக்கட்டும். சினிமா பார்க்கும்போது அணைத்துவிடுங்கள்; அந்த வேலையை உங்கள் மூளை நன்றாகவே செய்யும்.